பழைய இங்கிலீஷ் பிஸ்டல் வாங்கினா லாபமா? ஏலக் கணக்கைப் பிரிச்சுப் பார்ப்போம்

தங்கம், எஸ்ஐபி, ரியல் எஸ்டேட் எல்லாம் நிறையப் பேசியாச்சு. இன்னிக்குக் கொஞ்சம் வித்தியாசமான விஷயம். இங்கிலாந்துல பலர் ஆசையா சேர்க்கிற 19-ம் நூற்றாண்டு 'பர்கஷன்' கைத்துப்பாக்கிகள். "பழசாக ஆக விலை ஏறும்"னு சொல்றாங்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

பர்கஷன்னா என்ன?

அதுக்கு முன்னாடி சிக்கிமுக்கிக் கல் உரசி, தீப்பொறி வந்தாத்தான் துப்பாக்கி வெடிக்கும். மழையில நனைஞ்சா அவ்வளவுதான். அலெக்சாண்டர் ஃபோர்சைத்ங்கிற ஸ்காட்லாந்து பாதிரியார், அடிச்சா வெடிக்கிற ரசாயனத்தை வச்சுப் புது முறை கண்டுபிடிச்சு, 1807-ல காப்புரிமை வாங்கினார். அடுத்து சின்ன செம்பு 'கேப்' வந்தது. சில பத்தாண்டுகள்லயே தோட்டா வந்து அதையும் ஓரங்கட்டிடுச்சு. அந்தக் காலத்துச் சரக்கு இனிமே புதுசா வராது. அதனாலதான் மவுசு.

விலையை எது முடிவு பண்ணுது?

• செஞ்சவர் பெயர்: லண்டன் ஜோசப் மான்டன் மாதிரி பெயர்னா விலை தனி. (அவ்வளவு பெரிய கைவினைஞர் 1826-ல திவால் ஆனார். தொழில் திறமை வேற, பண நிர்வாகம் வேற!)

• பெட்டி: ஜோடி பிஸ்டல், அசல் மரப்பெட்டி, மருந்துக்குடுவை எல்லாம் சேர்ந்திருந்தா மதிப்பு கூடும்.

• அசல்தன்மை: பளபளன்னு பாலிஷ் போட்டா மதிப்பு இறங்கும். பழைய நிறம்தான் இங்க காசு.

• முத்திரை: குழாய்ல லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனை முத்திரை இருக்கான்னு பாருங்க. பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813-ல வந்தது. பெல்ஜியம் முத்திரை இருந்தா, மேல இங்கிலீஷ் பெயர் இருந்தாலும் உஷார்.

இப்ப கணக்குக்கு வருவோம்

ஏலத்துல 1,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுதுன்னு வைங்க. வாங்குபவர் கட்டணம் 25%, அதுக்கு மேல 20% வாட் வரின்னு எடுத்துக்கிட்டா, கையை விட்டுப் போறது 1,300 பவுண்ட். விக்கும்போது கமிஷன் 15%, அதுக்கும் வாட். அதே 1,000-க்கு வித்தா கைக்கு வர்றது 820 தான்!

போட்ட காசு திரும்ப வரணும்னாலே ஏல விலை சுமார் 1,585 ஆகணும். வருஷத்துக்கு 6% ஏறினாலும் அதுக்கு 8 வருஷம் ஆகும். நடுவுல டிவிடெண்டும் கிடையாது, வட்டியும் கிடையாது. அவசரத்துக்கு வித்தா நஷ்டம் நிச்சயம். ஒரே ஆறுதல், பிரிட்டன்ல இந்த மாதிரி சொந்தப் பொருளை 6,000 பவுண்டுக்குள்ள வித்தா மூலதன ஆதாய வரி இல்லை.

சட்டம்?

அங்க பழம்பொருளா, அலங்காரத்துக்கு மட்டும் வச்சிருந்தா லைசென்ஸ் தேவையில்லை. சுடணும்னு நினைச்சா தேவை. நம்ம ஊர்ல கதையே வேற. 1959 ஆயுதச் சட்டத்துல, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு. அதனால ஆன்லைன்ல ஏலம் எடுத்துப் பார்சல் வரவழைக்கலாம்னு கனவுல கூட நினைக்காதீங்க!

நம்ம தீர்ப்பு

இது முதலீடு இல்லை, காசு கொஞ்சம் திரும்பி வரக்கூடிய பொழுதுபோக்கு. வாட்ச், நாணயம், பழைய கேமரான்னு நீங்க எதைச் சேர்த்தாலும் இதே கணக்கைப் போடுங்க: வாங்கும் செலவு, விக்கும் செலவு, எத்தனை வருஷம் காத்திருக்கணும். முதல்ல ஆறு மாச அவசர நிதி, இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி. மிச்சம் இருந்தா ஆசைக்கு!

நீங்க என்ன சேர்க்கிறீங்க? கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துடலாம்.