மலிவு மேகசின் ஏன் சிக்குகிறது?

துப்பாக்கி மேகசினில் தோட்டாக்களை மேலே தள்ளுவது சுருள்வில். மேல்நுனியிலுள்ள விளிம்புகள் ஒவ்வொரு தோட்டாவையும் சரியான கோணத்தில் பிடித்து விடுகின்றன. பெரும்பாலான கோளாறுகள் இந்த விளிம்புகளில்தான் தொடங்கும். அவை சற்றே விரிந்தாலும் தோட்டா முன்கூட்டியே எகிறும். இரண்டு சேர்ந்து நுழைந்து அடைத்துக்கொள்ளும். மலிவான மாற்று மேகசின்களில் உலோகத் தகடு சரியாகப் பதப்படுத்தப்படாவிட்டால் விளிம்பு சீக்கிரமே விரிகிறது.

வில்லும் அப்படியே. நல்ல எஃகு வில் மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்தாலும் விசை பெரிதாகக் குறையாது. மட்டமானது தளர்ந்துபோய், அடுத்த தோட்டாவை நேரத்துக்கு உயர்த்தாது. சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டார இரும்புக் கடையில் ஒரே அளவுள்ள இரண்டு வில்களை எடுத்துப் பார்த்தாலும், எது சரியாகப் பதமானது என்று கண்ணால் சொல்ல முடியாது.

பிளாஸ்டிக்கால் ஆன மேகசின்களும் உண்டு. பிளாஸ்டிக்குக்குக் குளிர்தான் கடும் சோதனை. வெப்பம் குறையும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நெகிழ்வை இழக்கின்றன. அடி விழுந்தால் வளையாமல் பிளக்கும். 1999 கார்கில் போரில் இந்திய ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல் கண்டதாகப் புகார் எழுந்தது. அவை மலிவுப் போலிகள் அல்ல, அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கிக்கு உரியவை. ஆகவே விலையைவிட மூலப்பொருளும் சோதனையுமே முக்கியம்.

சிங்கப்பூரில் தேசிய சேவையாளர்கள் ஏந்தும் சார் 21 துப்பாக்கிக்கும் பிளாஸ்டிக் மேகசின்தான். உள்ளே எத்தனை தோட்டா மீதி என்பது வெளியிலிருந்தே தெரியும். இங்கே குளிர் இல்லை. ஈரப்பதமும் மண்ணுமே எதிரிகள். அதனால் பயிற்சி முடிந்ததும் மேகசினையும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.