கல்லுக்குள் பல்

சுண்ணாம்புக்கல்லின் மீது ஒரு துளி காடியை விட்டால் நுரை எழும். கல்லில் உள்ள கால்சியம் கார்பனேட் கரைந்து, கரியமில வாயு வெளியேறுவதே அந்நுரை. தொல்லுயிர் ஆய்வகங்களில் இதே செயல் பொறுமையாகவும் பெரிய அளவிலும் நடைபெறுகின்றது. கிலோகிராம் கணக்கில் உடைத்த கல்லை, காடிக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசலில் ஊற வைப்பர். நாள்கள் செல்லச் செல்லக் கல் மறையும். அடியில் சிறிதளவு சேறு தங்கும். அச்சேற்றை நுண்சல்லடையில் அலசி உலர்த்துவர். பின்னர் அடர்த்தி மிகுந்த நீர்மத்தில் இடுவர். இலேசான துகள்கள் மிதக்க, கனமானவை கீழே இறங்கும். இறங்கியவற்றை நுண்ணோக்கியின் கீழ்ப் பரப்பி, நனைத்த தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பர். ஒரு கல்லில் நூற்றுக்கணக்கில் கிடைக்கலாம். பல நாள் உழைத்தும் மற்றொன்றில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம்.

இவ்வாறு பொறுக்கப்படுபவை கோனோடோன்டுகள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாதவை. சில கொம்பு போல வளைந்திருக்கும்; சில சீப்பின் பற்களைப் போல வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும்; வேறு சில, மேடு பள்ளங்களோடு கூடிய சிறு மேடையை ஒத்திருக்கும். நம் பற்களைப் போலவே இவையும் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. அதனால்தான் சுற்றியிருந்த கல் கரைந்த பின்னும் இவை எஞ்சுகின்றன.

இவற்றை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர், ரிகா நகரில் 1794ஆம் ஆண்டு பிறந்த கிறிஸ்டியன் ஹைன்ரிக் பாண்டர். கோழிக்கருவின் வளர்ச்சியை ஆராய்ந்து முன்பே புகழ்பெற்றிருந்தவர் அவர். பால்டிக் பகுதியின் பழம்பாறைகளைப் பற்றி 1856இல் வெளியிட்ட நூலில், இவை அறியப்படாத மீன்களின் பற்கள் என்றார். ‘கூம்புப் பல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் இவற்றுக்குப் பெயரும் சூட்டினார்.

பல் கிடைத்தது, பல்லுக்கு உரிய உயிர் கிடைக்கவில்லை. மென்மையான உடல் மண்ணில் புதையுமுன் அழுகிவிடுவதால் பற்கள் மட்டுமே சிதறிக் கிடந்தன. எனவே ஊகங்கள் பெருகின. புழுவின் தாடை என்றனர் சிலர். நத்தையின் நாக்கிலுள்ள அரம் என்றனர் சிலர். கணுக்காலியின் உறுப்பு என்றவரும், தாவரத்தின் பகுதி என்றவரும் உண்டு. 1934இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருவர் தனித்தனியே செய்த ஆய்வு ஒரு தெளிவைத் தந்தது. வெவ்வேறு வடிவப் பற்கள் ஒரே பாறைத் தளத்தில் ஒழுங்காக அமைந்து கிடந்தன. அதுவரை தனித்தனி இனங்களாகப் பெயரிடப்பட்டிருந்தவை, ஒரே உயிரின் வாயில் அருகருகே இருந்த உறுப்புகள் எனத் தெரிந்தது.

1973இல் விடை கிடைத்துவிட்டதாகவே பலர் எண்ணினர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துச் சுண்ணாம்புப் பாறையில், உடலுக்குள் கோனோடோன்டுகளோடு கூடிய உயிரின் படிவம் ஒன்று வெளியிடப்பட்டது. ஆயினும், பற்கள் வாய்ப்பகுதியில் இல்லை. உணவுக்குழலின் பகுதியில் இருந்தன. தேடப்பட்ட உயிர் அதுவன்று. தேடப்பட்ட உயிரைத் தின்ற உயிர் அது!

உண்மையான விடை ஒரு பெட்டகத்துள் காத்திருந்தது. எடின்பரோ நகருக்கு அருகிலுள்ள கிரான்டன் கடற்கரையின் பாறையிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன்பே எடுத்துவந்து சேர்த்து வைத்த கற்களை, யூவன் கிளார்க்சன் 1980களின் தொடக்கத்தில் மீண்டும் பார்வையிட்டார். அவற்றுள் ஒன்றில் நான்கு சென்டிமீட்டர் நீளமும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமும் உடைய மெல்லிய படிவம் பதிந்திருந்தது. அதன் தலைப்பகுதியில், இருக்க வேண்டிய இடத்திலேயே, கோனோடோன்டுகள் இருந்தன. பிரிக்ஸ், ஆல்ட்ரிட்ஜ் ஆகியோருடன் இணைந்து அவர் 1983இல் அதனை வெளியிட்டார். பாண்டரின் நூலுக்கும் இதற்கும் இடையே 127 ஆண்டுகள் கடந்திருந்தன.

அவ்வுயிர் விலாங்கு போன்ற உடலமைப்புக் கொண்டது. வரிசையாக அடுக்கிய தசைக்கட்டுகளும், முதுகுநாணும், கதிர்களுடன் கூடிய வால்துடுப்பும் அதற்கு இருந்தன. தாடை இல்லை. தென்னாப்பிரிக்காவின் சீடர்பர்க் மலைப்பகுதியில் கிடைத்த சற்றொப்ப 44 கோடி ஆண்டுப் பழமையான படிவங்களில் கண்தசைகள்கூடக் காணப்பட்டன. புரோமிசம் என்னும் அவ்வுயிர் 40 சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அதன் படிவம் முதலில் தொன்மையான நிலத்தாவரமாகவே கருதப்பட்டுப் பெயர் பெற்றது.

ஆகவே, மீன் என்ற பாண்டரின் ஊகம் பெரும்பாலும் சரியான திசையிலேயே இருந்தது. ஆனால், இப்பற்களின் மீதுள்ள பூச்சு நம் பல்லின் எனாமலோடு ஒரே வழியில் வந்ததா என்னும் வினா எளிதில் அடங்கவில்லை. ஒரே வழியில் வந்தது எனில், முதுகெலும்பிகளின் கடின உறுப்புகளுள் முதலில் தோன்றியவை வாய்க்குள் இருந்த பற்களே என்று கொள்ளலாம். 1992இல் வெளியான ஆய்வு அதற்கு ஆதரவு தந்தது. மிகப் பழைய கோனோடோன்டுகளில் அத்தகைய பூச்சு இல்லை என்பதைக் காட்டி, அது தனியாகத் தோன்றிய ஒப்புமையே என 2013ஆம் ஆண்டின் ஆய்வு வாதிட்டது. பின்னதன் சான்று வலுவானது.

உயிர் எது என்று அறியாத காலத்திலேயே புவியியலாளர்கள் அதன் பற்களை நன்கு பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். இவ்வுயிர்கள் விரைந்து வடிவம் மாறியவை; கடல்களில் பரந்து வாழ்ந்தவை. ஆதலால் ஒரு பல்லின் வடிவத்தைக் கொண்டே பாறையின் காலத்தைக் குறுகிய எல்லைக்குள் கணிக்க இயலும். சீனாவின் மெய்ஷான் பகுதிப் பாறையில் ஹிண்டியோடஸ் பர்வஸ் என்னும் கோனோடோன்டு முதன்முதலாகத் தோன்றும் இடமே, பெர்மியன் காலம் முடிந்து டிரையாசிக் காலம் தொடங்கும் எல்லையாக 2001இல் ஏற்கப்பட்டது. கடல்வாழ் இனங்களுள் பெரும்பகுதி அழிந்த காலத்தை ஒட்டிய எல்லை அது; ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. காஷ்மீரின் குரியுல் பள்ளத்தாக்கும் அத்தகுதிக்குப் போட்டியிட்ட இடங்களுள் ஒன்று.

பல்லின் நிறமும் பேசுகின்றது. அனிட்டா எப்ஸ்டைன் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் கோனோடோன்டுகளை ஆய்வகத்தில் சூடாக்கிப் பார்த்து, 1977இல் ஒரு நிற அளவுகோலை வெளியிட்டனர். வெப்பம் படாதது வெளிர்மஞ்சள். வெப்பம் ஏற ஏறப் பழுப்பு. 300 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கறுப்பு. இம்மாற்றம் மீளாதது. பூமிக்கடியில் பாறை எவ்வளவு சூடேறியது என்பதை இதனால் அறியலாம். பற்கள் கறுத்திருக்கும் பாறையில் எண்ணெய் எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. வெளிறியிருந்தால் தேடுவதில் பொருளுண்டு. எண்ணெய் நிறுவனங்கள் இந்நுண்பற்களை நாடியதற்குக் காரணம் இதுவே.

டிரையாசிக் காலத்தின் இறுதியில், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இவ்வுயிர்கள் முற்றிலும் மறைந்தன. அதற்குப் பிற்பட்ட பாறையில் எப்போதேனும் ஒரு கோனோடோன்டு அகப்பட்டால், பழைய பாறை ஒன்று அரிக்கப்பட்டு, அதிலிருந்த பல் நீரோடு வந்து அங்குப் படிந்தது என்றே ஆய்வாளர் குறித்துக்கொள்வர்.