கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?

‘கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?’ என்பார்கள். அது பெற்ற கோழிக்குத்தான் பொருந்தும். குஞ்சு பொரிப்பகத்தில் வாங்கிய பத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து, வீட்டில் ஏற்கெனவே மேயும் கோழிகளுக்கு நடுவே இறக்கிவிட்டால் கதையே வேறு. தலையிலும் முதுகிலும் கொத்து விழும். தீவனத் தட்டை நெருங்கவே விடாது. பிள்ளைகள் ஆசையாகப் பெயர் வைத்த குஞ்சு, மறுநாள் காலை செத்துக் கிடக்கவும் கூடும்.

ஏன் கொத்துகின்றன?

இது கொடூரம் அல்ல. கோழிகளின் குடும்ப ஒழுங்கு. யார் முதலில் தின்பது, யார் உயரமான கிளையில் அடைவது என்பதெல்லாம் அவற்றுக்குள் முடிவாகி இருக்கும். மேலே உள்ளது கீழே உள்ளதைக் கொத்தும். நார்வே விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டரூப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். ‘பெக்கிங் ஆர்டர்’ என்ற சொல் அப்படி வந்ததுதான். புதிய முகம் நுழைந்தால் அந்த வரிசை கலைகிறது. அதனால்தான் அத்தனை ஆவேசம்.

முதல் 6 வாரம் தனிக்குடித்தனம்

வாங்கிய குஞ்சுகளைத் தனி அறையிலோ, தள்ளியிருக்கும் கூண்டிலோ வளர்க்க வேண்டும். முதல் வாரம் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பல்பைச் சுற்றி நெருக்கியடித்தால் குளிர்கிறது, விலகி ஓடினால் சூடு அதிகம் என்று பொருள்.

தனியே வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாது. முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி, இடையில் தேவைப்படும் மருந்து ஆகியவற்றை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குஞ்சுகளைக் கவனித்த பிறகே பெரிய கோழிகளிடம் போவது நல்லது.

பஞ்சாரம் கைகொடுக்கும்

ஏழாவது வாரத்திலிருந்து, பெரிய கோழிகள் மேயும் இடத்திலேயே தினமும் சில மணி நேரம் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். நிழலும் தண்ணீரும் அவசியம். கம்பி வலைத் தடுப்பும் போதும். பார்க்கலாம், தொட முடியாது. முதல் நாள் சுற்றிச்சுற்றி வந்து முறைக்கும் பெட்டைகள், இரண்டு வாரத்தில் அலட்சியமாகக் கடந்துபோகும். அதுதான் நல்ல அறிகுறி.

சேர்த்துவிடும் நாள்

குஞ்சு, பெரிய கோழியின் உருவத்தில் பாதிக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 10 முதல் 12 வாரம் ஆகும். ஒற்றைக் குஞ்சாக விடாதீர்கள். கூட்டமாக விட்டால் அடி பங்கு பிரியும். பொழுது சாய்ந்து, பெரியவை அடைந்த பிறகு கூட்டில் சேர்ப்பது பழைய வழக்கம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டை குறையும். ஆனால் விடிந்ததும் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

தீவனத்தையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். கவிழ்த்த கூடை, சாய்த்த பலகை என்று ஒளிய இடமும் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். குஞ்சுகளுக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மிகுதியானால் சிறுநீரகம் கெடும். ஆகவே எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனம் கொடுத்துவிட்டு, பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள்.

அடைக்கோழி இருந்தால்

வேலை பாதி குறையும். பொரித்து ஓரிரு நாளே ஆன குஞ்சுகளை இரவில் அதன் வயிற்றுக்கடியில் மெல்ல வைத்தால், பெரும்பாலும் தன்னுடையவை என்றே ஏற்றுக்கொள்ளும். மற்ற கோழிகள் நெருங்கினால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஏற்காமல் கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள்.

எப்போது தலையிட வேண்டும்?

துரத்தலும் ஒன்றிரண்டு கொத்தும் இயல்பு. ஒரு வாரத்தில் அடங்கும். ரத்தம் தெரிந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் மற்றவையும் அதே இடத்தில் கொத்தும். காயம்பட்டதைப் பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறிய பிறகு ஒரு துணையோடு திரும்ப விடுங்கள். ஒரே கோழிதான் விடாமல் துரத்துகிறது என்றால், நான்கு நாள் அதைத் தனியே அடைத்துப் பாருங்கள். திரும்பி வரும்போது அதுவும் புதிதுதான், அதட்டல் குறைந்திருக்கும்.