பன்னிரண்டு கலர் போதும், குட்டீஸ்!

பள்ளியில் ஓவியப் போட்டி என்று அறிவிப்பு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்? "அம்மா, பெரிய கலர் பெட்டி வேணும்!" என்று நச்சரிப்பீர்கள். அதானே? போட்டி அன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் 48 கலர் பெட்டியைத் திறப்பான். உங்களிடம் இருப்பதோ பாதி உடைந்துபோன 12 கலர் கிரேயான். 'நமக்கெல்லாம் எங்கே வரப்போகுது' என்று மனசு சோர்ந்துவிடும். அதோடு வரைவதையே விட்டுவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

அந்தக் கவலையே வேண்டாம், குட்டீஸ். கையில் இருக்கிற கொஞ்சக் காசை எதில் போடலாம், எதில் போடக் கூடாது என்று தெரிந்தால் போதும். வாங்க, ஸ்டேஷனரிக் கடைக்குப் போகலாம்!

முதலில் பென்சில். வீட்டுப்பாடம் எழுதுகிற பென்சிலைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 'எச்.பி.' என்று அச்சடித்திருக்கும். எழுத அது நல்லது. ஆனால், அதை வைத்துக் கறுப்பாக நிழல் கொடுக்க முடியாது. அழுத்தி அழுத்தித் தேய்த்தால் தாளில் பள்ளம்தான் விழும். ரப்பர் போட்டாலும் தழும்பு போகாது. கடைக்காரரிடம் '2பி' ஒன்று, '6பி' ஒன்று கேளுங்கள். 'பி'க்கு முன்னால் உள்ள எண் ஏற ஏற, பென்சில் மெத்தென்று இருக்கும்; கறுப்பும் கூடும். 2பி கோடு போட, 6பி நிழல் போட. பத்துப் பென்சில் இருக்கிற செட் இப்போது தேவையில்லை.

இந்த மெத்து, கெட்டி எல்லாம் எப்படி வந்தது தெரியுமா? 1790களில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை. பென்சிலுக்கான நல்ல கிராபைட் இங்கிலாந்தில்தான் கிடைத்தது. சண்டையால் அது பிரான்சுக்கு வருவது நின்றுபோனது. நிக்கோலஸ் கோன்டே என்பவர், கிடைத்த கிராபைட் தூளில் களிமண்ணைக் கலந்து, குச்சியாக உருட்டி, சூளையில் சுட்டுப் பார்த்தார். அட, நன்றாக எழுதியது! களிமண் கூடினால் கெட்டி; கிராபைட் கூடினால் மெத்து, கறுப்பு. 1795ல் அந்த முறைக்கு அவர் காப்புரிமையும் வாங்கிவிட்டார். இன்று நம் கையில் இருக்கும் பென்சிலும் அந்த வழியில் வந்ததுதான். (பென்சிலை 'லெட்' என்கிறோமே, அதில் ஈயம் துளிக்கூட இல்லை.)

பென்சில் வாங்கும்போது அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி நட்டநடுவில் இருக்க வேண்டும். ஓரமாக ஒதுங்கி இருந்தால், சீவச் சீவ ஒடியும். கீழே போட்டு எடுத்த பென்சிலும் அப்படித்தான், உள்ளேயே உடைந்திருக்கும். 6பியை ஷார்ப்னரில் ரொம்பவும் சீவாதீர்கள். ஹார்டுவேர் கடையில் ஒரு துண்டு உப்புத்தாள் வாங்கி, முனையை அதில் தேய்த்துக்கொண்டால் பென்சில் நிறைய நாள் வரும்.

ரப்பர் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஸ்ட்ராபெர்ரி வாசனை, கார்ட்டூன் பொம்மை வடிவம் எல்லாம் பார்க்கத்தான் அழகு. பல ரப்பர்கள் கறுப்பை அழிக்காமல் இழுப்பிவிடும். வெள்ளையாக, மெத்தென்று இருக்கிற சாதாரண ரப்பரே போதும்.

அடுத்தது தாள். காசைச் சேமிக்க நல்ல இடம் இதுதான்! விலை உயர்ந்த டிராயிங் நோட்டு வாங்கினால் என்ன ஆகும் தெரியுமா? 'வீணாகிவிடுமோ' என்று பயந்து பயந்து, மாசத்துக்கு ஒரு படம் வரைவீர்கள். வரையப் பழகுகிறவர்களுக்கு அந்தப் பயம் ஆகவே ஆகாது. அப்பாவின் ஆபீசில் ஒரு பக்கம் அச்சான தாள்கள் தேவையில்லாமல் கிடக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதம் முடிந்ததும் கிழிக்கிற பெரிய காலண்டர் தாளின் பின்பக்கம் பளபளப்பில்லாமல் இருந்தால், அதுவும் நல்ல தாளே. கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த அட்டையின் வெறும் பக்கத்தில் பேஸ்டல் அருமையாகப் பிடிக்கும். நல்ல நோட்டைப் போட்டிக்கும், பிறந்த நாள் வாழ்த்து அட்டைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சரி, கலருக்கு வருவோம்.

ஸ்கெட்ச் பேனா பளிச்சென்று இருக்கும். ஆனால், ஒரு நிறத்தோடு இன்னொன்று கலக்காது. மூடியை மறந்தால் மறுநாள் காய்ந்துவிடும். மெழுகு கிரேயான் விலை குறைவு. நிறமும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். என்னைக் கேட்டால், 12 கலர் ஆயில் பேஸ்டல் பெட்டிக்குத்தான் ஓட்டு. மேலே மேலே தேய்த்து விரலால் இழுத்தால், நிறங்கள் அழகாகக் கலந்துவிடும். பெட்டியில் 'நச்சுத்தன்மையற்றது' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; வீட்டில் தம்பிப் பாப்பா இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

ஆயில் பேஸ்டல் உங்களைப் போன்ற குட்டீசுக்காகவே பிறந்த பொருள்! ஜப்பானில் கனாய் யமமோட்டோ என்ற ஓவியர், 'பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டாம், மனம்போல வரையட்டும்' என்று பிரசாரம் செய்துவந்தார். அப்படி வரைய கிரேயான் போதாது. சாக்பீஸ் மாதிரியான பேஸ்டலோ தூள் தூளாக உதிரும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றாக, 1925ல் சகுரா நிறுவனம் ஆயில் பேஸ்டலைக் கொண்டுவந்தது. பெரிய ஓவியர்களுக்கும் அது பிடித்துப்போனது. 1949ல் பிக்காசோவுக்காக, பிரான்சில் தனியாக ஆயில் பேஸ்டல் தயாரித்தார்கள் என்றால் பாருங்களேன்!

12ல் இல்லாத நிறத்துக்கு என்ன செய்வது? கலந்துகொள்ள வேண்டியதுதான். மஞ்சளை லேசாகப் பூசி, மேலே நீலத்தைத் தேய்த்தால் தளிர்ப்பச்சை. நீலம் கூடினால் கரும்பச்சை. வேப்பங்கொழுந்து, முற்றிய மாவிலை, வாழைக்குருத்து... மூன்றும் மூன்று பச்சை. பெட்டிக்குள் இருக்கும் ஒரே பச்சையை எல்லா மரத்துக்கும் பூசினால் எப்படி?

இன்னொரு விஷயம். பெரிய பெட்டியில் வெளிறிய இளஞ்சிவப்பாக ஒன்று இருக்கும். அதை 'ஸ்கின் கலர்' என்று சொல்கிறோம். யாருடைய ஸ்கின்? உங்கள் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகிறதா? அமெரிக்காவில் கிரேயோலா நிறுவனமும் அந்த நிறத்துக்குத் 'தசை நிறம்' என்றுதான் பெயர் வைத்திருந்தது. 1962ல் பெயரை மாற்றி 'பீச்' பழத்தின் பெயரை வைத்துவிட்டது. அம்மாவை வரையப் பிரவுனை லேசாகப் பூசி, கொஞ்சம் ஆரஞ்சு, துளி மஞ்சள் சேருங்கள். தாத்தாவுக்குப் பிரவுனை அழுத்துங்கள். நிழலுக்கு நீலத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். இந்த நிறங்கள் எல்லாம் 12 கலர் பெட்டியிலேயே இருக்கும்.

வாட்டர் கலர் இன்னும் கொஞ்ச நாள் கழித்து வாங்கலாம். சாதாரணத் தாள் தண்ணீர் பட்டால் நெளிந்துவிடும். அதற்குக் கனமான தாள் வேண்டும், செலவு ஏறும். ஆசை விடவில்லை என்றால் ஒரு சின்னப் பெட்டியும், ஒரே ஒரு நல்ல உருண்டைப் பிரஷ்ஷும் போதும். கலர் குழைக்க, உடைந்த பீங்கான் தட்டு இருக்கிறதே!

கையில் காசே இல்லையா? ஆந்திராவில் ஸ்ரீகாளஹஸ்தி ஊரில் கலம்காரி ஓவியர்கள், துணியில் முதல் கோடு போடுவது எதனால் தெரியுமா? சுட்ட புளியங்குச்சிக் கரியால்! பென்சில் பருமனுள்ள காய்ந்த புளியங்குச்சிகளைப் பட்டை உரித்து, மூடியில் சின்ன ஓட்டை போட்ட தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, விறகு நெருப்பில் வைக்க வேண்டும். ஓட்டை வழியாகப் புகை வருவது நின்றதும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். நெருப்பு வேலையை அப்பாவோ தாத்தாவோ செய்யட்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். ஒரு டப்பாவில் பத்து இருபது கரிக்குச்சி கிடைக்கும். காலண்டர் தாளில் பெரிது பெரிதாக வரைந்து தள்ளுங்கள். பள்ளிச் சட்டையில் கரி ஒட்டினால் மட்டும், நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம் என்று அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்!