பிள்ளை யாரிடம் இருக்கிறது?



பன்னிரண்டு வயதில் ஆண்டவர் இயேசு எருசலேமில் தங்கிவிட்ட நிகழ்வை லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். விழா முடிந்து எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். கூட வருகிற சொந்தக்காரர்களோடு மகன் இருப்பார் என்று மரியாவும் யோசேப்பும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் நடந்த பிறகுதான் அவர் இல்லை என்பது தெரிகிறது. அக்கறையுள்ள பெற்றோருக்கும், வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பு வரத்தான் செய்கிறது.

நம் பிள்ளைகளின் படிப்பிலும் இதுவே நடக்கிறது. “பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, டீச்சர் பார்த்துக்கொள்வார்கள்” என்கிறோம் நாம். “வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்கிறார் ஆசிரியர். இருவருக்கும் நடுவில் பிள்ளை தனியாக நிற்கிறது.

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டு விசைப்படகை நம்பிய வீடுகளில் அப்போது கையில் காசு இருக்காது. அந்த ஜூன் மாதத்தில்தான் பள்ளியும் திறக்கிறது. நோட்டு, சீருடை, ஷூ எல்லாம் வாங்கியாக வேண்டும். எண்ணூரிலும் மணலியிலும் இரவு ஷிப்டு முடிந்து அப்பா உறங்கும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்குப் புறப்படுகிறது. பத்து நாள் வராத மாணவனை, படிப்பில் ஆர்வமில்லாதவன் என்று ஆசிரியர் எண்ணிவிடலாம். வீட்டு நிலைமை அவருக்குத் தெரியாது. கரும்பலகை தெரியாமல் அந்தப் பிள்ளை கண்ணைச் சுருக்குவது நமக்குத் தெரியாது. பாதி அவரிடம், பாதி நம்மிடம். இரண்டையும் சேர்க்க ஆளில்லாதபோது படிப்பு பாதியில் நின்றுபோகிறது.

பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று 1965-ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கிறிஸ்தவக் கல்வி அறிக்கையில் கூறியது. பெற்றோர் சங்கங்கள் வழியாகப் பள்ளிக்குத் துணை நிற்கவும் அது நம்மை அழைத்தது. நாட்டின் சட்டமும் நமக்கு இடம் தந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கிறது.

“நாங்கள் படிக்காதவர்கள், அங்கே வந்து என்ன பேசுவது?” என்று சில தாய்மார்கள் தயங்குவதுண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-இல், திருவள்ளூர் அருகே கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பள்ளிக்கு என்ன குறை என்று ஊரார் பட்டியல் போட்டு, தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். பிறகு அது மாநிலம் எங்கும் பரவியது. அன்று நம் மக்களில் பாதிக்கும் மேலானோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

நற்செய்தியையும் பாருங்கள். மூன்றாம் நாள் மரியாவும் யோசேப்பும் மகனைக் கோவிலில், போதகர்களின் நடுவே காண்கிறார்கள். அவர் சொன்ன பதில் அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். விளங்காவிட்டாலும் தேடி வந்தார்கள், கேட்டார்கள், கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த வீட்டில்தான் அவர் ஞானத்தில் வளர்ந்தார். பாடம் விளங்காத தாயும் பள்ளி வாசலுக்குப் போகலாம்.

ஆகவே பெற்றோரே, மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். வீட்டுக் கஷ்டத்தை ஆசிரியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். “என் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறான்? யாரோடு சேருகிறான்?” என்று கேளுங்கள். அம்மாவை மட்டும் அனுப்பாமல் அப்பாவும் ஒருமுறை போங்கள். ஆசிரியர்களே, குறை சொல்வதற்கு மட்டும் பெற்றோரை அழைக்காதீர்கள். பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை முதலில் சொல்லுங்கள். கடலுக்கும் ஷிப்டுக்கும் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள்.

இன்று இரவு பிள்ளை உறங்கும்முன், அதன் வகுப்பு ஆசிரியரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். நமக்கே அது தெரியாது என்றால், நாமும் ஒரு நாள் பயணம் வந்துவிட்டோம். திரும்பிப் போய்த் தேட இன்னும் நேரம் இருக்கிறது. நாசரேத்துத் திருக்குடும்பம் நம் இல்லங்களுக்கும் பள்ளிகளுக்கும் துணை நிற்பதாக. ஆமென்.