குளிருக்கு முன்னே வீட்டைத் தயார் செய்வோம்



நீலகிரி மலையில் இருக்கிற நமக்குக் குளிர் புதிதல்ல. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்லும் தேயிலைச் செடியும் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில்தான் உறைபனி அதிகம். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தங்கும். அதனால் பள்ளத்து வீடுகளுக்குக் குளிர் இன்னும் கூடுதல்.

போன குளிர்காலத்தில் எங்கள் குழுக் கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார்: "ராத்திரி கரிச்சட்டியை உள்ளே வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திருவோம். வீடு நல்லா கதகதன்னு இருக்கு. ஆனா காலையில எழுந்தா தலை பாரமா வலிக்குது. பேத்திக்கும் குமட்டலா இருக்குங்கிறா. பனி ஒத்துக்கலை போல."

அது பனியால் வந்ததல்ல, கரியால் வந்தது!

புகை இல்லாத கங்கு ஆபத்தில்லையா?

"புகை எல்லாம் அடங்கின பிறகுதானே உள்ளே கொண்டு வர்றோம்" என்று பலரும் நினைக்கிறோம். கரிக் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. இரத்தத்தில் பிராணவாயு சேர வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி வரும். தூக்கத்தில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது, அப்படியே மயக்கமாகி உயிர் போய்விடும். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

எனவே கரிச்சட்டி, விறகு அடுப்பு, கேஸ் அடுப்பு எதையும் குளிர் காய்வதற்காகப் படுக்கும் அறையில் வைக்க வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்றும் நம்ப வேண்டாம். கணப்பு மூட்டினால் வெளியே உட்கார்ந்து காயுங்கள். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி அணைத்து, சட்டியை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? காற்று நுழைகிற வழியை அடைக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சந்து பார்த்தல்: காற்றடிக்கும் நாளில் ஊதுவத்தி ஏற்றி, கதவு, ஜன்னல் ஓரமாக மெதுவாகக் கொண்டு போங்கள். புகை எங்கே சாய்கிறதோ அங்கே சந்து இருக்கிறது. ஜன்னல் சந்தில் பழைய துணியைத் திரித்துச் செருகுங்கள்.

2. கதவின் அடி: பழைய சேலையைப் பை போலத் தைத்து, மணலோ கந்தல் துணியோ நிரப்பி, இரவில் கதவடியில் போடுங்கள்.

3. கூரை: தகரக் கூரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தைத்த சாக்கை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கும். அடுப்புக்கு மேலே மட்டும் கட்டக் கூடாது, தீப்பிடிக்கும்.

4. தரை: வெறும் தரையில் பாய் போட்டால் உடம்புச் சூடு தரைக்குப் போய்விடும். முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் சாக்கு, அதன் மேல் பாய், ஜமுக்காளம் என்று போடுங்கள்.

5. வெயில்: வெயில் விழும் பக்கத்து ஜன்னலைப் பகலில் திறந்து, வெயில் இறங்குவதற்கு முன் சாத்துங்கள். கம்பளியை வெயிலில் காய வையுங்கள். ஈரத் துணியைப் படுக்கும் அறையில் காயப் போடாதீர்கள். ஈரம் குளிரைக் கூட்டும்.

6. சமையலறை: புகைபோக்கியையும் மேல் ஜன்னலையும் ஒருபோதும் அடைக்காதீர்கள். சந்து அடைத்த வீட்டில் அடுப்பு எரியும்போது இவைதான் உயிர் காக்கும்.

பச்சைக் குழந்தையைக் குல்லா, காலுறை போட்டுத் தாயின் மார்போடு அணைத்து வைத்திருப்பதே நல்ல கதகதப்பு. பெரியவர்களுக்கு வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கொடுங்கள்.

கரி எரிந்த அறையில் யாராவது மயங்கிக் கிடந்தால்

உடனே கதவு, ஜன்னலைத் திறந்து அவரை வெளிக் காற்றுக்குக் கொண்டு வாருங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். மயக்கத்தில் தண்ணீர் புகட்டக் கூடாது. "அறையில கரி எரிஞ்சுது" என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

குழுவாகச் செய்வோம்

அக்டோபர் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். சாக்கும் பிளாஸ்டிக் விரிப்பும் மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். கையில் பணமில்லாத உறுப்பினருக்குக் குழுவின் உள்கடன் கொடுக்கலாம். தனியாக இருக்கும் பாட்டிமார் வீட்டை நாலு பேர் போய் ஒரே நாளில் முடித்துவிடலாம்.

அந்த அக்கா வீட்டுக்கும் நாங்கள் அப்படித்தான் போனோம். கதவடியில் மணல் பை, கூரையில் சாக்கு, கரிச்சட்டி வாசலுக்கு வெளியே. அடுத்த கூட்டத்தில், "தலைவலி போயிருச்சும்மா, பேத்தியும் விடியக்காலையில எழுந்து படிக்கிறா" என்றார்.

இன்று இரவு உங்கள் வீட்டுக் கரிச்சட்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள், சகோதரிகளே!