அட்டைக்கு முன் மின்வழங்கி

கணினி விளையாட்டுக்கெனப் புதிய கிராபிக்ஸ் அட்டை கேட்கும் பிள்ளைகளும் அதற்குப் பணம் தேடும் பெற்றோரும் அட்டையின் விலையை மட்டுமே நோக்குகின்றனர். முதலில் நோக்க வேண்டியது, 'பவர் சப்ளை' எனப்படும் மின்வழங்கியையே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

தாய்ப்பலகையின் பொருத்துவாய் அட்டைக்கு வழங்கக்கூடியது ஆகக்கூடியது 75 வாற்று மின்வலுவே. மேலதிகமாகத் தேவைப்படுவது மின்வழங்கியிலிருந்து தனி வடத்தினூடாக வர வேண்டும். 2023இல் வெளியான ஆர்.டி.எக்ஸ். 4060 அட்டையின் தேவை 115 வாற்று. முழுக் கணினிக்குமாக 550 வாற்று மின்வழங்கியை என்விடியா நிறுவனம் பரிந்துரைக்கின்றது. தரமற்ற மின்வழங்கி பழுதடையுமாயின், ஏனைய பாகங்களும் சேதமடையக்கூடும்.

எனவே, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் முதலில் மின்வழங்கிக்கென ஒரு பகுதியை ஒதுக்கி, எஞ்சியதற்கேற்ற அட்டையைத் தெரிவு செய்வதே விவேகமாகும்.